பட்டா சித்தப்பா மகன் பெயரில். பூர்வீக வீட்டில் எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டை என் தாத்தா 1938-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கினார். 1951-ல் உயில் எழுதாமல் காலமானார். அதே வீட்டில் வாழ்ந்த பாட்டி 1969-ல் மறைந்தார். அவரும் உயில் எழுதவில்லை. என் அப்பா, சித்தப்பா, அத்தை ஆகிய மூவரே அவர்களின் பிள்ளைகள். அப்பா 1983-லும் அம்மா அதற்குப் பிறகும் இறந்தனர். வாரிசுகள் நானும் அண்ணனும் மட்டுமே. எனக்கு 1974-ல் திருமணமாயிற்று. வீட்டில் குடியிருக்கும் சித்தப்பா மகன், பட்டாவும் வீட்டு வரியும் தன் பெயரில் இருப்பதைக் காட்டி எனக்கும் அத்தைக்கும் உரிமையில்லை என்கிறார். விலை பேசியும் வருகிறார். பாகப்பிரிவினை நடக்கவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு உரிமையாளரும் எந்தத் தேதியில் இறந்தார், அன்று எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் இவ்வீட்டின் பங்குகள் தெளிவாகும். உங்கள் தாத்தா இறந்தபோது இந்து வாரிசுரிமைச் சட்டம் வரவில்லை. மகன்கள் இருக்கையில் மகளுக்குப் பங்கில்லை என்பதே அன்றைய நிலை. ஆகவே அத்தைக்கு அப்போது நேரடியாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி, கணவரின் சுயார்ஜிதச் சொத்தில் மனைவிக்கு ஒரு மகனுக்கு உரிய பங்கு உண்டு. எனவே பாட்டி, அப்பா, சித்தப்பா மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் சேர்ந்தது.

பாட்டிக்குக் கிடைத்தது ஆயுட்கால உரிமைதான். எனினும் 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, அவர் அந்த வீட்டில் அனுபவத்தில் இருந்ததால், அதை முழு உரிமையாக மாற்றிவிட்டது. உங்கள் குடும்பத்தில் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1969-ல் அவர் இறந்ததும் அந்த மூன்றில் ஒரு பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகச் சென்றது. இதன்படி அத்தைக்கு ஒன்பதில் ஒரு பங்கும், அப்பாவின் கிளைக்கும் சித்தப்பாவின் கிளைக்கும் ஒன்பதில் நான்கு பங்கு வீதமும் உரியவை.

அப்பா 1951-ல் பெற்ற பங்கு, பழைய சட்டப்படி அவர் பிள்ளைகளைப் பொறுத்தவரை கூட்டுக் குடும்பச் சொத்து. அத்தகைய சொத்தில் மகளுக்கும் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன்பே திருமணமான மகள்களை விலக்கியது. உங்கள் உறவினர் அதை மனத்தில் வைத்துப் பேசலாம். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறையிலுள்ள மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவதால் தந்தை 2005-ல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே அப்பாவின் பங்கில் உங்களுக்கும் அண்ணனுக்கும் சம பாதி, அதாவது மொத்த வீட்டில் ஒன்பதில் இரண்டு பங்கு வீதம் உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருப்பதாகச் சித்தப்பா மகன் காட்டினால் இந்தக் கணக்கு மாறலாம்.

பட்டா வருவாய்த் துறை ஆவணமே தவிர உரிமை மூலம் அன்று. வரி ரசீதும் அப்படியே. கூட்டு உரிமையாளர் ஒருவர் குடியிருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். ஆனால் அவர் உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்தும் 12 ஆண்டுகள் சும்மா இருந்தால், நீண்டகால அனுபவத்தால் வீடு தனக்கே சொந்தம் என்னும் எதிரிடை அனுபவ வாதத்துக்கு இடமுண்டு. எனவே அவர் முதலில் மறுத்த காலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கடிதம் எதுவும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இத்தனை ஆண்டுகள் ஏன் கேட்கவில்லை என்று அத்தையைக் கேட்டால், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் வரை குடும்பக் குடியிருப்பு வீட்டைப் பிரிக்கப் பெண் வாரிசு கோர முடியாது என்ற வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு 2005 வரை இருந்ததே பதில்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் 1938 கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கும், அந்த ஆண்டு முதலான வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். பழைய ஆண்டுகளுக்கு இணையத்தில் மட்டும் தேடினால் போதாது. இறப்பு, வாரிசுச் சான்றிதழ்களையும் திரட்டுங்கள். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பின், அத்தையையும் அண்ணனையும் தரப்பினராகச் சேர்த்துப் பாகப்பிரிவினை வழக்கும், விற்பனைக்கு இடைக்காலத் தடை மனுவும் தாக்கல் செய்யலாம். வழக்கு நடக்கையில் வாங்குபவரும் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்களா, வெளியேற்றப்பட்டவரா என்பதைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணம் பெரிதும் மாறுபடுமாதலால், அந்த வாசகத்தை வழக்குரையில் எழுதும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் உண்மை நிலையை மறைக்காமல் சொல்லுங்கள்.