கோல்ஃபில் 120 கெஜ ஹோலை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? நீளமாக இருந்தால்தானே கஷ்டம்?

சந்தேகம் நியாயமானதுதான். டிவியில் பார்த்தால் டிரைவரை, அதாவது ரொம்பத் தூரம் அடிக்கும் மட்டையை, எடுத்து 320 கெஜம் அடிப்பவருக்குத்தான் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, புது மைதானங்களும் மொத்த நீளம் 7,000 கெஜத்துக்கு மேல், 7,500 என்று விளம்பரம் செய்துகொள்கின்றன, அப்படியிருக்க ஒரே வெட்ஜ் அடியில் (வெட்ஜ் என்பது முகம் நன்றாகச் சாய்ந்த, கிட்டத்து அடிக்கான மட்டை) முடிந்துபோகும் ஹோலுக்கு என்ன பெருமை என்று யாருக்கும் தோன்றும். சென்னையில் பல வருடமாக ஆடுகிறேன், எனக்குப் பிடித்த ஹோல்கள் எல்லாமே குட்டி ஹோல்கள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

450 கெஜ பார் 4 ஒன்றை, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோலை, எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர் ஒருவர் டிரைவரில் 280 அடித்துவிட்டு மீதி 170க்கு ஒரு அயர்னை எடுப்பார், அது நடுத்தர தூரத்துக்கான மட்டை, எண் குறையக் குறையத் தூரம் கூடும். அறுபதைத் தாண்டியவர் எவ்வளவு அழகாக அடித்தாலும் 180தான் போகும், இரண்டாவதும் 180, அப்புறமும் 90 கெஜம் பாக்கி. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் பார் கைநழுவிப் போயிற்று. அவருடைய புத்திக்கோ கைப்பக்குவத்துக்கோ அந்த ஹோலில் வேலையே இல்லை. 120 கெஜ பார் 3ல் அப்படி நடக்காது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கும், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜருக்கும், தொழில்முறை ஆட்டக்காரருக்கும் பந்து க்ரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, எட்டும். எட்டுமா என்ற கவலை போனதும் எங்கே விழவைப்பது, எந்தக் கிளப் (மட்டை), குழியில் நட்ட கொடியைக் குறிவைப்பதா நடுவில் போட்டுவிட்டு இரண்டு பட்டில் (பந்தை உருட்டும் அடியில்) முடிப்பதா என்பதெல்லாம் முன்னுக்கு வந்துவிடும். என் கணக்கில் கோல்ஃப் என்பதே அதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மற்ற ஹோல்களில் க்ரீனை நோக்கி அடிக்கும்போது பந்து எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது, சரிவிலோ, நீளப் புல்லிலோ, மரத்துக்குப் பின்னாலோ இருக்கலாம். பார் 3ல் மட்டும் நீங்களே இடம் பார்த்து, டீ என்ற சின்ன ஆணியைக் குத்தி அதன்மேல் பந்தை வைத்து, சமதரையில் நின்று க்ரீனுக்கு அடிக்கிறீர்கள். எல்லா வசதியும் கொடுத்தாகிவிட்டது, சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதனாலேயே மனசு இறுகிப்போகும். 230 கெஜ பார் 3ல் நாலு எடுத்தால் யாரும் வருத்தப்படுவதில்லை, 110 கெஜத்தில் நாலு எடுத்துவிட்டு அடுத்த மூன்று ஹோல் வரை முகம் சரியாகாதவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் ஸ்காட்லாந்தில் ராயல் ட்ரூன் மைதானத்தின் 8வது ஹோல். பெயரே போஸ்டேஜ் ஸ்டாம்ப், அதாவது தபால் தலை, க்ரீன் அவ்வளவு ஒடுக்கம். நீளம் 123 கெஜம், சுற்றிலும் ஐந்து பங்கர், அதாவது மணல் குழிகள். 1950ல் பிரிட்டனின் ஓபன் போட்டியில் ஹெர்மன் டிஸ்ஸிஸ் என்ற ஜெர்மன் அமெச்சூர் இங்கே 15 அடி எடுத்தார், ஒரு பங்கரிலிருந்து இன்னொரு பங்கருக்கு என்று மாற்றி மாற்றி அடித்தே அவ்வளவு ஆயிற்று. அதே ஹோலில் 1973 ஓபனில் ஜீன் சாராஸன் 71 வயதில் 5 அயர்ன் எடுத்து ஒரே அடியில் குழிக்குள் போட்டார். மறுநாள் பந்து பங்கரில் விழ, அங்கிருந்து நேராகக் குழிக்குள் அடித்து இரண்டில் முடித்தார், இரண்டு நாளும் அந்த ஹோலில் பட்டரையே (பந்தை உருட்டும் மட்டையை) தொடவில்லை. 71 வயதுக்காரர் ஓபன் போட்டியில் இப்படி ஒரு காரியம் செய்ய 480 கெஜ பார் 4 ஒரு நாளும் இடம் கொடுத்திருக்காது.

நீளம் குறைந்தால் மட்டும் போதாது, வடிவமைப்பவரின் மூளை அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி வேலை செய்திருக்கிறது என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டாவின் 12வது ஹோலைப் பாருங்கள், 155 கெஜம். முன்னால் ரேஸ் க்ரீக் என்ற ஓடை, க்ரீன் அகலமாக இருக்கும், ஆனால் முன்னிருந்து பின்னால் வரை ஆழம் ரொம்பக் குறைவு, போதாததற்குக் கோணலாகப் படுத்திருக்கும். இடது பக்கம் நமக்குக் கிட்டே, வலது பக்கம் தூரம். வலது கைக்காரர் சரியாகப் படாமல் அடித்தால் பந்து சாதாரணமாக வலப்பக்கமாக விலகும், தூரமும் குறையும். இந்த க்ரீனில் வலப்பக்கம்தான் கூடுதல் தூரம் வேண்டும், ஆக அந்தச் சின்னத் தவறு நேரே ஓடையில் போய் விழும். இழுத்து அடித்தால் இடப்பக்கம் அதிக தூரம் போய்ப் பின்பக்க பங்கர். மனிதர்கள் இயல்பாகச் செய்யும் இரண்டு தவறுக்கும் எதிராகத் திருப்பி வைத்த க்ரீன் அது. 2016ல் ஜோர்டன் ஸ்பீத் கடைசி நாள் ஒன்பது ஹோல் முடிந்தபோது ஐந்து அடி முன்னிலையில் இருந்தார், 12வதில் இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு 7 எடுத்தார், போட்டி கைவிட்டுப் போயிற்று. 2019ல் முன்னிலையில் இருந்த மோலினாரி உட்பட நான்கு பேர் இதே ஓடையில் பந்தை விட்டார்கள். டைகர் வுட்ஸ் கொடி பக்கமே பார்க்காமல் இடது பக்கமாக க்ரீனில் போட்டு மூன்றில் முடித்துக்கொண்டு நடந்தார், பட்டமும் அவருக்குத்தான். எனக்கு அந்த வருடப் போட்டியில் மறக்க முடியாத அடி அந்தப் பத்திரமான அடிதான்.

சரி, காற்றுக்கு வருவோம், சென்னைக்காரர்களுக்கு இது சொந்த விஷயம். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் க்ளப் மைதானம், கிண்டியில் பந்தயத் திடலுக்குள் ஜிம்கானாக்காரர்கள் ஆடிய மைதானம், இரண்டுமே கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான். கோடையில் காலையில் நிலத்திலிருந்து லேசாக ஒரு காற்று, பகல் ஏறியதும் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வந்துவிடும். காலை ஆறரைக்கு 9 அயர்ன் அடித்த இடத்தில் பிற்பகல் மூன்றுக்கு 7 அயர்ன் வேண்டியிருக்கும். இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர்க்காற்று என்றதும் அதே வெட்ஜை இன்னும் பலமாக அடிக்கத் தோன்றும். சாய்வு அதிகமான கிளப் பந்துக்குப் பின்சுழற்சியை அதிகமாகக் கொடுக்கும், பலமாக அடித்தால் அது இன்னும் கூடும், எதிர்க்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலே மேலே தூக்கிக்கொண்டு போய், வேகம் செத்ததும் க்ரீனுக்கு இருபது கெஜம் முன்னாலேயே போட்டுவிடும். சாய்வு குறைந்த கிளப்பை எடுத்து மெதுவாக, தாழ்வாக அடிப்பதுதான் வழி. எங்கள் கேடி (பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து யோசனை சொல்பவர்) அண்ணன் ஒருவர் இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லுவார்: "கொடி சும்மாத்தான் சார் தொங்குது, அந்த வேப்பமரத்து உச்சியப் பாருங்க. ஏழு எடுத்துப் பாதி ஸ்விங்ல வுடுங்க." கொடி இருப்பது மரங்களின் மறைவில், பந்து பறப்பது மரத்துக்கு மேலே, அவ்வளவுதான் விஷயம். 1992 யூஎஸ் ஓபன் கடைசி நாளில் பெபிள் பீச்சின் 7வது ஹோலில், ஏறக்குறைய 107 கெஜம்தான், கடல் காற்று பலமாக அடிக்க டாம் கைட் 6 அயர்ன் எடுத்தார். அப்படியும் க்ரீன் தப்பியது, பக்கத்துப் புல்லிலிருந்து சிப் செய்து, அதாவது சின்னதாகத் தூக்கி அடித்து, குழிக்குள்ளேயே போட்டார், போட்டியையும் ஜெயித்தார். 107 கெஜத்துக்கு 6 அயர்ன் என்பதை மைதானத்துக்குப் புதிதாக வருபவர்கள் நம்புவதே இல்லை.

நீளம்தான் கஷ்டம் என்று நினைப்பவர்கள் ஓக்மாண்டின் 8வது ஹோலைக் காட்டுவார்கள். பார் 3தான், ஆனால் 2007 யூஎஸ் ஓபன் கடைசி நாளில் 300 கெஜத்துக்கு வைத்தார்கள். கஷ்டம் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அங்கே யோசிக்க என்ன இருக்கிறது? இருப்பதிலேயே பெரிய கிளப்பை எடுத்து நேராக அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2023ல் லாஸ் ஏஞ்சலிஸ் கன்ட்ரி க்ளப்பில் அதே யூஎஸ் ஓபன் நடந்தபோது மூன்றாம் நாள் 15வது ஹோலை 81 கெஜத்துக்குக் கொண்டுவந்தார்கள், யூஎஸ் ஓபன் வரலாற்றிலேயே மிகக் குறைந்த நீளம். முழு ஸ்விங்குக்கு இடமில்லாத தூரம், க்ரீனின் முன்பக்கம் நாக்கு மாதிரி ஒடுங்கிய துண்டில் கொடி. சாதாரண தூரத்தில் அதற்கு முந்தைய இரண்டு நாளில் மூன்று பேர் ஒரே அடியில் போட்டிருந்தார்கள், இப்போது உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் இன்னும் கிட்டே நின்றுகொண்டு கொடியை நோக்கிப் போகலாமா வேண்டாமா என்று கேடியுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஹோல்தான் எனக்கு வேண்டும்.

அதே ஊரில் ரிவியேராவின் 10வது ஹோலும் இருக்கிறது, இது பார் 4, ஆனால் 315 கெஜம்தான். இரண்டு மைதானமும் 1920களில் ஜார்ஜ் தாமஸ் வடிவமைத்தவை என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன், குட்டி ஹோலின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. க்ரீன் ஒடுக்கம், கோணலாக ஓடுகிறது. இடது பக்கமாகப் பத்திரமாக அடித்து வைத்தால் அடுத்த அடிக்கு க்ரீன் நீளவாக்கில் கிடைக்கும். நேராக க்ரீனுக்கே அடிக்கப் போய் வலப்பக்கம் விலகினால் பங்கரைத் தாண்டி, குறுக்குவாக்கில் சின்னத் துண்டுக்குள் பந்தை நிறுத்த வேண்டும், நிற்காது. இன்றைய தொழில்முறை டூர் ஆட்டக்காரர்களின் டிரைவ் சராசரியே 300 கெஜம் பக்கத்தில் வந்துவிட்டதால் ஆசை எல்லாருக்கும் வரும். பந்தும் கிளப்பும் மாறி 470 கெஜ ஹோல்கள் எல்லாம் பல் பிடுங்கப்பட்டுவிட்டன, ஆனால் ஏறக்குறைய நூறு வருடப் பழமையான இந்த 315 கெஜம் இன்னும் அவர்களைத் தயங்க வைக்கிறது.

எல்லாக் குட்டி ஹோலும் நல்ல ஹோல் என்று சொல்லவரவில்லை. இடம் மிச்சமானதால் ஒரு வட்ட க்ரீனைப் போட்டு, இரண்டு பக்கம் இரண்டு பங்கர் தோண்டி பார் 3 என்று எழுதி வைத்த ஹோல்கள் எந்த ஊரிலும் உண்டு. எங்கே விட்டால் பரவாயில்லை, எங்கே விட்டால் கதை முடிந்தது என்ற வித்தியாசம் அதில் இருக்காது, எல்லாப் பக்கமும் ஒன்றுதான். நல்ல குட்டி ஹோலில் பத்திரமான பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கும், அந்தப் பக்கம் போனால் நாலு எடுக்கலாம், ஆனால் இரண்டு எடுக்க வாய்ப்பே கிடையாது. அந்தப் பேரம்தான் ருசி. அப்புறம், ஒரு மைதானத்தில் இப்படி ஒன்று இரண்டு இருந்தால்தான் எடுபடும். நீளமான ஹோல்களுக்கு நடுவே, உடம்பு பலமாக அடித்தே பழகிவிட்ட வேளையில் திடீரென்று மென்மையாக அடி என்று கேட்க வேண்டும்.

நம் ஊருக்கு இதில் நடைமுறை லாபமும் இருக்கிறது. 18 ஹோல் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், தண்ணீரும் அதே அளவுக்கு வேண்டும். சென்னையில் இனிமேல் யார் கொடுப்பார்கள், கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் கேட்கவும் கூடாது. பார் 3 ஹோல்களை மட்டும் வைத்து ஒன்பது ஹோல் போட்டால் அதில் ஒரு சிறு பங்கு நிலம் போதும். அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட் 2017ல் தி க்ரேடில் என்று ஒன்றைத் திறந்தது, கில் ஹான்ஸ் வடிவமைத்தது, ஒன்பது ஹோலும் சேர்த்து மொத்தமே 789 கெஜம். அத்தனை பெரிய மைதானங்களை வைத்திருப்பவர்களே அப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ஓ.எம்.ஆர் பக்கமோ ஈ.சி.ஆர் பக்கமோ அந்த மாதிரி ஒன்று, கடல் காற்றுக்குக் குறுக்கே ஓடும்படி ஹோல்களைத் திருப்பிப் போட்டு, க்ளப் மெம்பராக இல்லாதவர்களும் டிக்கெட் வாங்கி ஆடும்படி வந்தால், இந்த ஊரில் ஆட்டம் பரவ அதைவிட வேறு எதுவும் வேண்டாம். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

கேள்வி கேட்டவர் இனிமேல்தான் ஆட ஆரம்பிக்கப் போகிறவர் என்றால் டிரைவரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரு 7 அயர்ன், ஒரு 9 அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் போதும். ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், 100 கெஜப் பலகையைக் குறிவைத்து நான்கில் பட்டரைத் தவிர மற்ற மூன்றாலும் மாற்றி மாற்றி அடியுங்கள், 7 அயர்னில் ஸ்விங்கைக் குறைத்துக்கொண்டு, 9ல் கொஞ்சம் கூட்டி, வெட்ஜில் முழுசாக. மூன்றும் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்த பிறகு யாரையாவது பிடித்து ஒரு பிற்பகல் மைதானத்துக்குப் போய், பார் 3 வரும்போது அட்டையில் போட்டிருக்கும் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் மரத்து உச்சியைப் பாருங்கள்.