பதில்: விழுந்து திரும்பப் பொருத்திய பல்லுக்கு லேசர் போதுமா?

14 வயதுப் பையன், மேல் முன்பல், 20 நிமிடம் வெளியே உலர்ந்து கிடந்தது என்கிறீர்கள். லேசர் கொடுத்தால் ரூட் கெனால் தவிர்க்கலாமா என்பதுதான் கேள்வி. முடியாது. இந்த வயதில் அந்தப் பல்லின் வேர்நுனி மூடியிருக்கும். அதனால் அறுந்த இரத்த ஓட்டம் திரும்புமென நம்பிக் காத்திருக்கக் கூடாது. உள்ளே இறந்த பல்கூழில் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசு) கிருமி சேர்ந்தால், அதன் நச்சு பல்லின் நுண்குழாய்கள் வழியே கசிந்து வேரையே அரிக்கும். இது சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். அதனால்தான் 2 வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்கச் சொல்கிறார்கள்.

810 நானோமீட்டர் போன்ற குறைந்த சக்தி டயோடு லேசர் வலி, ஈறு வீக்கத்துக்குக் கூடுதல் உதவிதான். செய்தால் பையனுக்கும் அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது.

அதைவிட முக்கியம் கட்டு, அதாவது பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பிடித்து வைப்பது. 0.4 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேற்படாத, வளையும் கம்பி, 2 வாரம். விறைப்பாக நெடுநாள் கட்டினால் வேர் எலும்போடு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு கூடும். பின்னாளில் தட்டினால் உலோகம்போல் 'டங்' என்று கேட்கும். 0.12% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பு) தினம் இருமுறை, மென்மையான உணவு. எக்ஸ்ரே 2, 4 வாரங்களில், பிறகு 3, 6, 12 மாதங்களில். டெட்டனஸ் ஊசி பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.