குரக்கன் பிட்டு யாருக்கு?

கேள்வி: எனக்கு 28 வயது. கணவருடனும் அவருடைய பெற்றோருடனும் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். எனக்குப் பிசிஓஎஸ் என்கிற சூலக நீர்க்கட்டி நோய் இருப்பது திருமணத்துக்கு முன்பே தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார். மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, எடையும் கூடுகிறது. மாமாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் விடியப்புறம் எழுந்து அவருக்குக் குரக்கன் பிட்டும் சிவப்பரிசிச் சோறும் தனியாகச் சமைத்துவிட்டுக் கோட்டைக்கு வேலைக்கு ஓடுவதால், காலையில் கந்தோர் கன்டீனில் பணிசும் பால்தேநீரும்தான். பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்த வேண்டுமாமே? நான் எந்த உணவு முறையைப் பின்பற்றுவது?

பதில்: இந்த நோயைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் எதை நிறுத்த வேண்டும் என்றே கேட்கிறார்கள். நீங்களும் அதையே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு வேண்டிய உணவு முறையை நாள்தோறும் உங்கள் கையாலேயே சமைத்து, பிட்டுக் குழலிலிருந்து மாமாவின் தட்டில் தள்ளிவிட்டு, நீங்கள் பணிஸ் சாப்பிடப் போகிறீர்கள். நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. ஒரு சுண்டு மாவுக்குப் பதிலாக இரண்டு சுண்டு மாவைக் குழைக்க எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டும்? நீங்களும் குரக்கன் பிட்டைத் தட்டில் போட்டுக்கொண்டால் 'உனக்கு ஏன் இது?' என்று மாமி கேட்பார், அதற்கு மறுமொழி சொல்ல வேண்டி வரும் என்பதற்காகவே அதைத் தொடாமல் இருக்கிறீர்கள்.

மாமாவின் நோயும் உங்களுடையதும் நெருங்கிய உறவு என்பதையாவது யாராவது சொன்னார்களா? உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி சூலகங்களைத் தூண்டி ஆண் ஓமோன்களைக் கூட்டுவதால் முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்பட்டு, மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஸ்கானில் நீர்க்கட்டிகள் என்று காட்டுபவை உண்மையில் கட்டிகளே அல்ல, முதிராமல் நின்றுவிட்ட முட்டைப்பைகள். கவனிக்காமல் விட்டால் மாமாவுக்கு வந்த அதே வருத்தம் உங்களுக்கு இள வயதிலேயே வரக்கூடும், அதிலும் தெற்காசியப் பெண்களாகிய நமக்கு அந்த ஆபத்து அதிகம். ஆகவே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்தத் தேவையில்லை. 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிகளே இந்த நோய்க்கு ஓர் உணவு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று சொல்லவில்லை. பாதித் தட்டுக்கு மரக்கறியும் கீரையும், கால் தட்டுக்குச் சிவப்பரிசிச் சோறு, மீதிக் காலுக்கு மீனோ முட்டையோ பயறோ கடலையோ இருந்தால் போதும். வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் வெள்ளவத்தையில் கிடைக்காதவை அல்லவே. குரக்கன் என்பதற்காகக் குவித்துச் சாப்பிடவும் கூடாது. பால்தேநீரில் சீனியைக் குறையுங்கள். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. மகள் நல்ல இடத்தில் வாழ வேண்டும் என்ற பயத்தில் அவர் சொல்லியிருப்பார், ஆனாலும் அது பிழை. திருமணத்துக்கு முன்பே அந்த மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மாமாவுக்கு வேறாகச் சமைப்பது மருமகளின் கடமை என்றே நானும் நம்புகிறேன். அதே கடமை உங்களை நோக்கியும் அந்த வீட்டுக்கு இருக்கிறது, ஆனால் தெரியாத நோய்க்கு அவர்கள் எப்படிப் பத்தியம் பார்ப்பார்கள்? சீனி வருத்தக்காரர் ஒருவருக்காகத் தனி அடுப்பு எரிகிற வீட்டில் மருமகள் மட்டும் தன் நோயை ஒளித்து வைத்துப் பசியோடு ஓடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதைக் கேட்கிற உரிமையை நீங்களே அவர்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள், மகளே.

இன்று மாலை கணவரை மரைன் டிரைவ் பக்கம் நடக்க அழைத்துப் போய், கடலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த நடை உங்கள் நோய்க்கும் வேண்டியதுதான், கிழமைக்கு 150 நிமிடங்களாவது நடக்க வேண்டும். மறுநாள் காலையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பிட்டைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.

கடைசியாக மாதவிடாய் வந்த நாளை நீங்கள் எழுதவில்லை. நாட்காட்டியை எடுத்து எண்ணுங்கள். 90 நாள் தாண்டியிருந்தால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. உணவு மாற்றம் பலன் தரட்டும் என்று காத்திராமல் இந்தக் கிழமையே மகப்பேற்று வைத்தியரிடம் போங்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு.