அந்த வசனம் யாருக்கு விழுந்தது?

கேள்வி: ஐயா, சென்ற புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 ('நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை' கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம்) வாக்குத்தத்தமாக விழுந்தது. அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் வாசித்து ஜெபித்தேன். மகனுக்கு மூன்று வருடமாக வேலை இல்லை, இன்னும் கிடைக்கவில்லை. டிசம்பரும் வந்துவிட்டது. தேவனை நம்புகிறவர்களுக்கு நம்பிக்கை உண்டு என்கிறார்கள். அது எங்கிருந்து வரும்?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: 'விழுந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

ஏலச்சீட்டு விழும். லாட்டரி விழும். ஜவுளிக்கடைக் குலுக்கலில் குக்கர் விழும். வசனமும் எப்போது இந்த வரிசையில் வந்து சேர்ந்தது? டிசம்பர் 31 நடுராத்திரி, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் 'கடன் கொடுப்பாய், கடன் வாங்காதிருப்பாய்' விழுகிறது. நமக்குப் 'பயப்படாதே' விழுகிறது. அவருக்குப் பணம், நமக்கு வெறும் தைரியமா என்று மனசு சுணங்குகிறது. 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்பது யாருக்காவது விழுந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதுவும் இயேசுவின் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். அச்சகத்துக்குப் போகும் பட்டியலில் அதைச் சேர்ப்பவர் இல்லை.

சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் இதை எழுதி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு போதகர் மூன்று பக்கத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். சரி, இன்னொன்று அனுப்பட்டும். சீட்டுக் குலுக்கி வசனம் எடுப்பதையே நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728-ல் சின்சென்டார்ஃப் பிரபு அங்கிருந்த மொராவிய சபைக்கு அன்றன்றைக்கு ஒரு வசனம் கொடுக்க ஆரம்பித்தார். 1731-ல் அது புத்தகமாக அச்சேறியது. அங்கே இன்றைக்கும் சீட்டு எடுத்துத்தான் வசனங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த வசனம் சபை முழுவதற்கும் ஒன்று, அந்த ஒரு நாளுக்கு. 'எனக்கு விழுந்தது, உனக்கு விழவில்லை' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

உங்கள் அட்டைக்கு வருவோம். எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதியது. 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. எழுபது வருடம்! கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்ப மாட்டார்கள் என்று அர்த்தம். அதனால்தான் அதே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்கிறது.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். எழுபதெல்லாம் கிடையாது, இரண்டே வருடம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் முழங்குகிறார். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் பிற்பாடு பிடுங்கி உடைக்கிறார். அந்த இரண்டு வருடக் கணக்கைக் கேட்டதும் எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.' அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த இரண்டு வருடம் உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவருக்கும் ஆசை. ஆனால் அது கர்த்தர் சொன்ன கணக்கு இல்லை. பன்னிரண்டே மாதத்தில் தீரும் என்று அட்டை கொடுத்து அனுப்புகிறவர்கள் அனனியாவின் கட்சி என்றுதான் நான் நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் டிசம்பரில் உடைந்துபோகிறவர் நீங்கள்தான், அவர்கள் இல்லை.

இன்னொரு சிக்கல் நம் மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. (மொழிபெயர்ப்பில் கை வைக்காமல் இவருக்குத் தூக்கம் வராது என்பார்கள், பரவாயில்லை.) நம் பழைய வேதாகமத்தில் 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை' கொடுப்பேன் என்று இருக்கிறது. வாசிக்கிற யாருக்கும் 'நான் எதிர்பார்க்கிறது கிடைக்கும்' என்றுதானே படும்? எபிரெயத்தில் அங்கே இருப்பவை இரண்டு சொற்கள்: அகரித், திக்வா. பிற்காலம், நம்பிக்கை. எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவேன் என்பதுதான் வாக்கு. என்ன வேலை, எந்த மாதம் என்று அதில் ஒன்றும் இல்லை.

அந்தத் 'திக்வா' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: கயிறு. எரிகோவில் இஸ்ரவேலின் ஒற்றர்களை ஒளித்துவைத்த ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல்கயிற்றுக்கு யோசுவா இரண்டாம் அதிகாரத்தில் வருவது இதே சொல். ராகாபை நினைத்துப் பாருங்கள். ஊரைச் சுற்றி இஸ்ரவேல் படை ஏழு நாள் நடக்கிறது. அவளிடம் இருப்பது ஒரு கயிறும், அதைப் பார்த்து உன் வீட்டைத் தப்பவிடுவோம் என்று இரண்டு ஒற்றர்கள் கொடுத்த ஒரு சொல்லும். அந்த ஏழு நாளும் வீட்டுக்குள் அவளுக்குப் பயமே இருந்திருக்காதா? பயத்தோடுதான் கயிற்றை அவிழ்க்காமல் விட்டிருப்பாள்.

தமிழில் 'நம்பு' என்ற ஒரே வினை இரண்டு வேலை பார்க்கிறது: விசுவாசிப்பது, எதிர்பார்த்திருப்பது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று நாம் வாசிப்பதைக் கத்தோலிக்கர்கள் இப்போது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வாசிக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கை என்பது நமக்கு விசுவாசம். 'எதிர்நோக்கு' முதலில் என் நாக்கில் ஒட்டவில்லை. இப்போது பிடித்திருக்கிறது. வாசலில் நின்று, ஆள் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது அந்தச் சொல். நம்பிக்கை எங்கிருந்து வரும் என்று கேட்டீர்களே, வருகிறவர் யார் என்று தெரிந்தவரால்தான் அப்படி நிற்க முடியும். தேதி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், எரேமியாவின் பத்திரப்பதிவு. 32-ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் படை வளைத்திருக்கிறது. எரேமியாவை ராஜா காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் படை சுற்றி நிற்கிற தேசத்தில் ஒரு துண்டு நிலம்! நம்மூரில் எந்தத் தரகரும் அந்த இடத்தைக் காட்டமாட்டார். எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி (32:9), ஏறக்குறைய 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப்பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். முத்திரை போட்டது ஒரு பிரதி, திறந்தது ஒரு பிரதி. இரண்டையும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்தார். இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் கர்த்தரிடம் திரும்பி, நகரம் பாபிலோன்காரரான கல்தேயர் கைக்குப் போகிறதே, இப்போது போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று கேட்கிறார். கேட்டார், ஆனால் பத்திரத்தைக் கிழிக்கவில்லை. அந்த நிலத்தில் அவர் உழுததாகவோ அறுத்ததாகவோ வேதத்தில் ஒரு வரியும் இல்லை. பிற்பாடு அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் மகன் மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறார் என்றால், அவரும் 17 சேக்கல் நிறுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதை அவரிடம் சொல்லுங்கள். வேலை எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். அவருக்காக ஜெபிக்கிறேன். இந்த டிசம்பர் 31 அன்று கோயிலுக்குப் போங்கள், வேண்டுமானால் அட்டையும் எடுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதில் 32:9 என்று எழுதி, திருப்பி ஒட்டுங்கள்.