செல்களுக்குச் சாப்பாடு

கேள்வி: கடலில் பாசி எடுத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் மகள் சென்னையில் புற்றுநோய் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டால், ‘செல்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும்’ என்கிறாள். இத்தனை வருடமாகியும் மருந்து எதுவும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அங்கே என்னதான் வேலை? நம் கடல்பாசியில் இதற்கு மருந்து உண்டா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: மகள் சாக்குச் சொல்லவில்லை, அம்மா. என்றோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை பெருக்கிக்கொண்டே வரும் புற்றுநோய்ச் செல்களை, 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கரியமில வாயுவும் மாறாத பெட்டிக்குள் குடுவைகளில் வளர்க்கிறார்கள். அவை மூழ்கிக் கிடக்கும் சத்துநீர் முதலில் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் உண்டு கழித்த அமிலம் சேரச் சேர மஞ்சளாகிவிடும். அப்போதும் மாற்றாமல் விட்டால் செல்கள் மடியத் தொடங்கும். மருந்தை இட்டு 72 மணி நேரம் கழித்துக் கணக்கெடுக்க வேண்டிய சோதனை என்றால், அந்த நேரம் கொடியேற்றத்தன்று வந்தாலும் அன்றுதான் எடுத்தாக வேண்டும். திருவிழாத் தேதியை முன்னதாகவே சொல்லிவிட்டால் அதற்கேற்பச் சோதனையைத் தொடங்க அவருக்கும் வழி உண்டு.

நீங்கள் எடுக்கும் பாசிக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருந்து கிடைக்கும் அகர், கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கத் துண்டு போட்டு வைக்கிறார்களே, அதே பொருள், ஆய்வகத்தில் செல்லின் குணத்தைச் சோதிக்கப் பயன்படுகிறது. திசுக்களில் உள்ள இயல்பான செல்களில் பெரும்பாலானவை பற்றிக்கொள்ள ஒரு பரப்பு இல்லாவிட்டால் பெருகுவதில்லை. புற்றுநோய்ச் செல்களோ இளக்கமான அகருக்குள் எதையும் பற்றாமலே பெருகிச் சிறு சிறு கூட்டங்களாகிவிடும். பிடிப்பின்றிப் பிழைக்கும் இந்தக் குணமே, கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தோடு போய் வேறு உறுப்பில் குடியேறவும் அவற்றுக்குத் துணைசெய்கிறது. அந்தக் கூட்டங்கள் கண்ணில் படும் அளவுக்கு வளர வாரக்கணக்கில் ஆகும். பூஞ்சை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

கடலிலிருந்து மருந்து வந்திருக்கிறது, ஆனால் பாசியிலிருந்து அல்ல, கடற்பஞ்சு என்ற கடல் உயிரினத்திலிருந்து. ஜப்பானிய ஆய்வாளர்கள் 600 கிலோ பஞ்சிலிருந்து வெறும் 12.5 மில்லிகிராம் ஹாலிகாண்ட்ரின்-பி என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1986-இல் அறிவித்தார்கள். அத்தனை பஞ்சுக்கு எந்தக் கடலும் தாங்காது என்பதால் அதன் அமைப்பைச் சுருக்கிச் செயற்கையாகவே தயாரித்தார்கள். அப்படிப் பிறந்த எரிபுலின், பிற உறுப்புகளுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2010-இல்தான். பலர் கைமாறி 24 ஆண்டு நடந்த வேலை அது. தனி ஒருவரின் முனைவர் பட்டக் காலத்துக்குள் மருந்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. புற்றுநோய்ச் செல்லுக்குள் ஒரு புரதம் என்ன செய்கிறது என்று ஐயமறக் காட்டினாலே அது நல்ல ஆய்வு.

பாசிச் சாறு குடுவையில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்ற செய்தியை வைத்து நம் பக்கத்தில் யாரேனும் பொடி விற்றால் வாங்காதீர்கள். உப்பை அளவுக்கு மீறிச் சேர்த்தாலும் குடுவையில் செல் சாகும். இயல்பான செல்லை விட்டுவைத்ததா, உடலுக்குள் போயும் வேலை செய்ததா என்பதுதான் கேள்வி. பொடி விற்பவர் அதற்குப் பதில் வைத்திருக்க மாட்டார். உங்கள் மகளிடம் கேளுங்கள்.