32 ஆண்டுக் காத்திருப்பு: மலேசியக் கிண்ணம் 2021, கேள்வி பதில்

கோலாலம்பூர் அணி வென்ற 2021ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பயிற்றுநர் அல்ல, நிருபரும் அல்ல. கோலாலம்பூரின் செராஸில் வளர்ந்து, 1987 முதல் கோலாலம்பூர் அணிக்காகத் தொண்டை வறளக் கத்திவருபவன், அவ்வளவுதான். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

செந்தூலிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, அந்த இறுதியாட்டத்தில் ஜேடிடி எப்படித் தோற்றது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

2021 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை இரவு, புக்கிட் ஜாலில் அரங்கம். எதிரே நின்றது 2014 முதல் தொடர்ந்து எட்டு முறை லீக்கை வென்ற ஜொகூர் டாருல் தாசிம், அதாவது ஜேடிடி. நாமோ 2019இல் லீக்கின் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, அடுத்த ஆண்டுதான் மேலே ஏறி வந்திருந்தோம். ஆட்டத்துக்கு முன் மாமாக் உணவுக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "மூன்றுக்குள் நிறுத்தினால் போதும்" என்றார். அவரும் நம் ஆதரவாளர்தான்!

நமது பயிற்றுநர் போஜான் ஹோடாக் பந்தை நம் காலிலேயே வைத்திருக்க ஆசைப்படவில்லை. முதல் பாதியில் கோல் இல்லை. ஒரே ஆட்டத்தில் முடிவாகும் இறுதியில், 45 நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டாலே பெரிய அணியின் காலில் பதற்றம் ஏறிவிடும். பிற்பாதியில் ஸாஃப்ரி யஹ்யா தொலைவிலிருந்து ஓங்கி உதைத்த பந்து வலைக்குள் போய் விழுந்தது. ஜேடிடி விழித்துக்கொள்வதற்குள் பாவ்லோ ஜோசுவே இரண்டாவதையும் அடித்துவிட்டார். 2-0. நமது கோல் காவலர் கெவின் மெண்டோசா கடைசிவரை வலையைக் காத்தார்.

இதை அதிர்ஷ்டம் என்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். இதே ஹோடாக்தான் 2012இல் கிளந்தான் அணிக்கு லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்று தந்தவர். லீக் ஆடுவதற்கு ஆள்பலம் வேண்டும். கிண்ணத்துக்குப் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது.

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி: எஃப்ஏ கிண்ணமும் மலேசியக் கிண்ணமும் ஒன்றா? என் மகன் கேட்டுத் துளைக்கிறான்.

இரண்டும் வேறு வேறு. எஃப்ஏ கிண்ணம் 1990இல் தொடங்கியது. முதல் கிண்ணம் பேராவுக்கு. அது தோற்றால் வீடு திரும்பும் போட்டி. மலேசியக் கிண்ணம் அதைவிட மிக மூத்தது. 2021இல் அதில் 16 அணிகள் நான்கு குழுக்களாகப் பிரிந்து ஆடின. காலிறுதியும் அரையிறுதியும் சொந்த மண்ணில் ஒன்று, எதிராளி மண்ணில் ஒன்று என இரண்டிரண்டு ஆட்டங்கள். இறுதி மட்டும் ஒன்று. மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கோவிட் காரணமாக 2020இல் இரண்டு கிண்ணங்களுமே நின்றுபோயின. எஃப்ஏ கிண்ணம் 2021இலும் நடக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டு வெல்வதற்கு இருந்த பெரிய கிண்ணம் இது ஒன்றுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியவர் ஒருவர்: கப்பல்காரர்கள் கொடுத்த கிண்ணம் என்பார்களே, உண்மையா?

உண்மைதான் ஐயா. எச்எம்எஸ் மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், மலாய் மாநிலங்கள் கொடுத்த பணத்தில் கட்டப்பட்டது. 1921இல் அது இங்கே வந்தபோது மாலுமிகள் உள்ளூர்க்காரர்களோடு விளையாடினார்கள். அந்த நினைவாகக் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று எனக் கிண்ணங்களைக் கொடுத்தார்கள். முதல் ஆண்டே சிங்கப்பூர் சிலாங்கூரை வென்று எடுத்துக்கொண்டது. போரினால் 1942 முதல் 1947 வரை போட்டி இல்லை. 1967இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. கணக்குப் பாருங்கள்: கோலாலம்பூர் வென்றது அதன் நூறாவது ஆண்டில்.

பட்டர்வொர்த் நண்பர்: கோலாலம்பூர், கோலாலம்பூர் என்று குதிக்கிறீர்களே, பினாங்கை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை, சீண்டக் காத்திருந்தேன். பினாங்கு கடைசியாக இதை வென்றது 1974இல். அப்போது நான் பிறக்கவே இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2020இல் இரண்டாம் பிரிவின் சாம்பியன் நீங்கள். உங்கள் வால் பிடித்துத்தான் நாங்களும் மேலே வந்தோம். 2021 லீக்கிலும் மூன்றாம் இடம் பிடித்து எங்களுக்கு மேலேயே இருந்தீர்கள். 2002இல் எஃப்ஏ கிண்ணமும் உங்களிடம் வந்தது. பண்டாராயா அரங்கில் உங்கள் வீரர் ஃபைஸ் சுப்ரி அடித்த அந்த வளைந்து நெளிந்த ஃப்ரீ கிக்குக்கு 2016ஆம் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதே கிடைத்தது. மலேசியக் கிண்ணம்தான் வரமாட்டேன் என்கிறது.

சுபாங்கிலிருந்து ஒருவர்: 32 ஆண்டு என்பது எந்தக் கணக்கு?

1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றோம். மூன்று இறுதியிலும் எதிரணி கெடா. பாவம், அவர்கள் 1990இல்தான் வென்றார்கள். சிங்கப்பூரின் ஃபண்டி அகமதுவும் மாலிக் அவாபும் நமக்காக ஆடிய காலம் அது. அப்பா மோட்டார் சைக்கிளில் மெர்டேக்கா அரங்கத்துக்கு அழைத்துப் போவார். வாசலில் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கடலை வாங்கித் தருவார். இடைவேளைக்கு முன் தீர்த்தால் திட்டு விழும். 1989க்குப் பிறகு 2021. அப்பா அதைப் பார்க்க இல்லை.

ரவாங்கிலிருந்து ஒரு மாணவி: நம் இந்தியர்களில் இந்தக் கிண்ணத்தில் பேர் வாங்கியவர் யார், ஐயா?

ஒருவரைத்தான் சொல் என்றால், கோல் காவலர் ஆர். ஆறுமுகம். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கினார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் காவலர் அவர். நாடு புறக்கணித்ததால் போக முடியவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் போய்விட்டார், வயது 35. சிலாங்கூர் எங்கள் எதிரணிதான் அம்மா, ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் செராஸிலும் எழுந்து நிற்பார்கள்.

மீண்டும் செந்தூல் தம்பி: வென்ற பிறகு என்ன ஆனது?

அந்த வெற்றியால் ஆசியக் கழகங்கள் மோதும் ஏஎஃப்சி கிண்ணத்தில் ஆட இடம் கிடைத்தது. 2022 அக்டோபரில் அதன் இறுதிவரை போனோம். அதே புக்கிட் ஜாலிலில் ஓமானின் அல்-சீப் அணியிடம் 0-3. உள்நாட்டில் அடுத்த மூன்று மலேசியக் கிண்ணங்களையும் ஜேடிடியே எடுத்துக்கொண்டது. 2023 எஃப்ஏ கிண்ண இறுதியில் எங்களையும் 2-0 என்றுதான் வென்றார்கள். கணக்கை எண் மாறாமல் தீர்த்துவிட்டார்கள், தம்பி.