யூனிபுரொட் என்ற இணையப் புரதத் தரவுத்தளத்தில் ஒரு புரதத்தின் பெயரைத் தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறதே, எதை எடுப்பது?

கேட்டவர் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறார். தசையில் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் புரதமான மயோகுளோபினை ஸ்பேர்ம் திமிங்கிலத்திலும் மனிதனிலும் ஒப்பிடச் சொல்லி ஒப்படை தந்திருக்கிறார்கள். பெயரை அடித்தால் முடிவே இல்லாமல் பட்டியல் நீள்கிறது என்கிறார். நான் திருமலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். இதே சிக்கலோடு வரும் பிள்ளைகள் பலர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடனடி விடை, பதிவு இலக்கமாகவே: மனிதனுக்கு பி02144, திமிங்கிலத்துக்கு பி02185. முதலெழுத்து ஆங்கிலப் பெரிய 'பி', மிச்சம் எண். அப்படியே தேடற்பெட்டியில் அடித்தால் போதும். ஆனால் அடுத்த தவணையில் வேறு புரதம் தருவார்கள், ஆகவே வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி புரதத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தேடுவதில்லை. ஒரு பதிவில் எந்த மூலையில் அந்தச் சொல் கிடந்தாலும் அதைக் கொண்டுவந்து முன்னால் போடும். 'பி53' என்று அடித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய அந்தப் புரதத்தோடு எம்டிஎம்2 போன்ற வேறு புரதங்களும் வரும். பி53 உடன் பிணைவது எம்டிஎம்2இன் வேலை என்பதால் அந்தச் சொல் அதன் மாற்றுப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மயோகுளோபினுக்கு இன்னொரு தொல்லை: அதன் மரபணுக் குறியீடு 'எம்பி', இரண்டே எழுத்து. அதை வெறுமனே அடித்தால் கண்டதெல்லாம் வரும்.

ஆகவே தேடத் தொடங்கும் முன் எந்த உயிரி என்பதை முடிவுசெய்யுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள 'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்தினால் மரபணுப் பெயர், உயிரி என்று தனித்தனிக் கட்டங்கள் கிடைக்கும். உயிரிக்குப் பெயரை விட அதற்குரிய வகைப்பாட்டு எண்ணே நல்லது. மனிதனுக்கு 9606, சுண்டெலிக்கு 10090, ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு 9755. திமிங்கிலத்தில் இது மிகவும் உதவும், ஏனென்றால் அதற்கு பைசீற்றர் கற்றடன், பைசீற்றர் மக்ரோசெபலஸ் என்று இரண்டு விஞ்ஞானப் பெயர்கள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. பழைய கட்டுரை ஒன்றைச் சொல்லும், புதியது மற்றதைச் சொல்லும். 9755 இரண்டுக்கும் பொது.

அடுத்தது, நீங்கள் தேடுவது மரபணுவா புரதமா? இரண்டும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்காது. ஈமோகுளோபினின் அல்ஃபா சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனில் அதற்கு எச்பிஏ1, எச்பிஏ2 என இரண்டு மரபணுக்கள். இரண்டும் செய்வது ஒரே புரதத்தை, ஆகவே யூனிபுரொட்டில் பி69905 என்ற ஒரே பதிவுதான். அமெரிக்காவின் உயிரியல் தரவு மையமான என்சிபிஐயின் மரபணுத் தளத்தில் தேடினால் இரண்டு தனிப் பக்கங்கள் வரும். இரண்டு தளமும் சரியாகத்தான் சொல்கின்றன, கேட்கும் கேள்விதான் வேறு.

மனித மரபணு என்றால் முதலில் மனித மரபணுப் பெயரிடல் குழுவின் தளத்தில் அதிகாரபூர்வக் குறியீட்டைப் பாருங்கள். பி53 புரதத்தின் மரபணு அங்கே ரிபி53. சுண்டெலியில் அதுவே ரிஆர்பி53, முதலெழுத்து மட்டும் பெரியது. மனிதக் குறியீடுகளில் எல்லாமே பெரிய எழுத்து. குறியீடுகள் மாறுவதும் உண்டு. எக்செல் தாளில் 'செப்ட்1', 'மார்ச்1' என்று எழுதினால் அது திகதியாக மாற்றிவிடும். அதனால் 2020இல் அவற்றை செப்டின்1, மார்ச்எஃப்1 என்றே மாற்றிவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் பழைய குறியீடுதான் இருக்கும். பெயர் மாறினாலும் அடையாள அட்டை இலக்கம் மாறாதது போல, பி02185 என்பது அப்படியே இருக்கும். குறிப்புப் புத்தகத்தில் பெயரோடு அந்த இலக்கத்தையும் எழுதி வையுங்கள். ஒப்படையிலும் போடுங்கள், திருத்துபவர் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

சரி, இப்போது பட்டியல் சுருங்கியிருக்கும். பக்கத்தின் இடப்புறம் சுவிஸ்-புரொட், ட்ரெம்பிள் என்று இரண்டு பிரிவுகள் தெரியும். முதலாவது, ஆட்கள் கட்டுரைகளை வாசித்துச் சரிபார்த்த பதிவுகள். 1986இல் தொடங்கிய வேலை அது. இரண்டாவது கணினி தானாகச் சேர்த்தவை. பட்டதாரி மாணவர் ஒப்படைக்கு முதலாவதைத்தான் எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் கடல் இறால், மீன் என்று தேடப்போனால் சரிபார்த்த பதிவுகள் மிகக் குறைவு. அப்போது இரண்டாவதுக்குப் போகலாம், தவறில்லை. அந்தப் புரதம் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு வரி இருக்கும். புரதத்தையே கண்டார்களா, ஆர்என்ஏ அளவில்தான் தெரியுமா, வெறும் ஊகமா என்பதை அது சொல்லும். அதை வாசிக்காமல் எடுக்காதீர்கள்.

திமிங்கில மயோகுளோபினுக்கு அந்தக் கவலை இல்லை. ஆழத்தில் நெடுநேரம் மூழ்கும் விலங்கு என்பதால் அதன் தசையில் மயோகுளோபின் நிறைய உண்டு, எக்ஸ்-கதிரால் அமைப்பைக் கண்டறியத் தேவையான நல்ல பளிங்குகளும் கிடைக்கும். அதனால்தான் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் கென்ட்ரூ அதைத் தெரிவுசெய்தார். 1958இல் முப்பரிமாண அமைப்பு முதன்முதலில் வெளிவந்த புரதம் இதுதான்; 1962இல் மக்ஸ் பெரூட்சோடு அவருக்கு நொபெல் பரிசு. நம் குடாவுக்கு வெளியே ஆழ்கடலில் படகுக்காரர் காட்டும் அதே விலங்குதான், ஒப்படையின் முன்னுரையில் இதையும் எழுதலாம்.

இனி இரண்டு பதிவையும் தெரிவுசெய்து, வரிசைகளைப் பொருத்தி அடுக்கும் 'அலைன்' பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் 154 அமினோ அமிலங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈம் என்ற இரும்புள்ள பகுதியைப் பிடிக்கும் ஹிஸ்ரிடீன் என்ற அமினோ அமிலம் 93ஆம் இடத்திலும், ஒட்சிசன் பக்கத்து ஹிஸ்ரிடீன் 64ஆம் இடத்திலும் இருப்பதாகப் பாடநூல் சொல்லும். யூனிபுரொட்டில் அவை 94, 65. புரதம் உருவாகும்போது முதலில் வந்து பிறகு நீங்கிவிடும் மெதியோனின் என்ற அமினோ அமிலத்தையும் தளம் சேர்த்து எண்ணுவதால் ஒன்று கூடுகிறது. எந்த எண்ணிக்கையைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒப்படையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.